பஸ்ல ஏறாதீங்கடி

இந்தக் கம்பெனி பஸ்ஸே நான் சண்ட போட்டு வாங்குனது. அதுக்கு முன்னாடி பெங்களூரு ஹெப்பகோடியிலருந்து கார்மென்ட்ஸ் வரைக்கும் நடந்தே செத்தோம்.

எங்க தையல் லைன்ல சோனியா மாசமா இருக்கா. வாந்தி எடுக்க அடிக்கடி எழுந்து போறான்னு வேலைய விட்டே நிறுத்திட்டாங்க, பாவிங்க. "அவளத் திரும்ப எடுக்குற வரைக்கும் திங்கக்கிழமையிலருந்து ஒருத்தியும் பஸ்ல ஏறக்கூடாது"ன்னு சொன்னேன். முனீஸ்வரன் கோயில்ல எல்லாரும் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணாளுங்க. வள்ளியம்மா என் கையப் புடிச்சு, "நீ சொல்லு வீணா, நாங்க நிக்கிறோம்"னா.

திங்கக்கிழமை பஸ் வந்துச்சு. படிக்குக் குறுக்கே கைய நீட்டி நின்னேன். மொதல்ல வள்ளியம்மாதான் என் கைக்கு அடியில குனிஞ்சு ஏறினா. பின்னாடியே மத்தவளுங்க. ஒருத்தியும் என் மூஞ்சியப் பாக்கல.

"சத்தியம் பண்ணீங்களேடி!"ன்னு கத்துனேன். அப்பத்தான் ஜன்னலப் பாத்தேன். உள்ள சோனியா உக்காந்திருக்கா!

"நேத்து சூப்பர்வைசர் போன் பண்ணாரு அக்கா. எல்லாரும் நின்னுடுவாங்கன்னு பயந்துட்டாங்க போல. சத்தமில்லாம வந்துடு, வீணாகூட மட்டும் சேராதன்னாரு"ன்னா சோனியா. மத்தவளுங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கா. எனக்கு மட்டும் ஒரு போன் இல்ல.

நான் கேட்டது கெடச்சிடுச்சு, என்னக் கறிவேப்பில மாதிரி தூக்கிப் போட்டுட்டாளுங்க.

"ஹத்தம்மா, டைம் ஆயிது"ன்னு கன்னடத்துல ஏறச் சொல்லி டிரைவர் நாகேஷ் ஹாரன் அடிச்சான். ஏறுனேன். ஏறாம? வீட்டு வாடகைய எவ குடுப்பா? முன் சீட்ல டிபன் பைய வெச்சு எனக்கு எப்பவும் எடம் புடிப்பாளுங்க. அன்னைக்கு அதுல வள்ளியம்மா. கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னேன். நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு.

சோனியா பின்னாலருந்து என் துப்பட்டாவ இழுத்தா.

"அக்கா, லைன்ல எங்க பக்கம் ஃபேன் ஓடல. மூச்சு முட்டுது. நீங்கதான் போயிக் கேக்கணும்."

எல்லாத் தலையும் திரும்புச்சு, வள்ளியம்மா தலையும்தான். வெக்கங்கெட்டவளுங்க. சோனியா மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு, நெத்தியெல்லாம் வேர்வ.

"கேக்குறேன்"னேன். "ஆனா கற்பூரம் மட்டும் எவளும் கொளுத்தாதீங்கடி."