திரவியம் உபயமாய்த் தந்த ஆறு

அனீஷைச் சொல்லிக் குற்றமில்லை. காதலிக்கிறவனின் அப்பாவை ஒரு தடவையாவது கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பியிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

ஸ்ரீகுமாரும் அனீஷும் கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. நீது என்கிற பெண் நடத்தும் நாடகக் குழுவில் இரண்டு பேரும் சேர்ந்திருந்தார்கள். நாடகம் மலையாளத்தில். ஆற்றங்கரையில் வளரும் இரண்டு பையன்கள், ஒருவன்மேல் ஒருவனுக்கு வரும் பிரியம், அதை வீட்டில் சொல்ல முடியாமல் உள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு ஒருவன் ஆளாவது, அவ்வளவுதான் கதை.

ஒத்திகை சாயங்காலங்களில் ஸ்ரீகுமார் வேறு உலகத்தில் இருந்தான். ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கி, மழை சொட்டும் மரங்களுக்கு அடியில் நடந்து, தைக்காட்டில் ஒத்திகை நடக்கும் மாடி ஹாலுக்குள் நுழைந்தால் போதும், பெயர், வயசு, வீட்டு விலாசம் எல்லாம் மங்கிவிடும். நீல விளக்கு எரியும். அந்த நீலத்துக்குள் அனீஷின் தோளில் தலை சாய்க்கலாம், ஏனென்று கேட்க ஆளில்லை. ‘எனக்கு அவனை இஷ்டம்’ என்று மலையாளத்தில் சத்தமாகவே சொல்லலாம். நாடகம்தானே என்று நாக்கும் கூசாது. வீட்டில் பேசுவது தமிழ். தமிழில் அந்த வாக்கியத்தை அவன் குளியலறையில் தனியாக இருக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

நாடகத்துக்கு ஓர் ஆறு தேவைப்பட்டது. நீளமான நீலத் துணியை இரண்டு ஓரத்திலும் ஆட்கள் பிடித்து அலைபோல ஆட்டினால் ஆறு ஓடும், பையன்கள் அதற்குள் நீந்துவார்கள் என்றாள் நீது. துணிக்கு நானாச்சு என்று அனீஷ் கிளம்பினான். சாலை என்கிற கடைத்தெருவில் எத்தனையோ ஜவுளிக்கடை இருக்க, ஐயா நேராகப் போய் நின்றது திரவியத்தின் கடையில். திரவியம்தான் ஸ்ரீகுமாரின் அப்பா. மகன் நாடகத்தில் நடிக்கிற சங்கதியே அவருக்குத் தெரியாது.

“என்ன நாடகம் தம்பி?” என்று ஷிபான் துணியை விரித்துக் காட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

“ரெண்டு பையன்மார், ஒரு ஆறு. அவ்ளோதான் அங்கிள்.”

“ஓ, சின்னப் பிள்ளைய கதையாக்கும்! நல்ல காரியம். இந்தத் துணி என் உபயமா இருக்கட்டும், கேட்டியா. முறையா விளிங்க, வந்திருவேன்.”

அனீஷ் தலையை ஆட்டிவிட்டுத் துணியோடு வந்துவிட்டான். ஓசியில் கிடைத்தது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். சாலைத் தமிழ்க் கடைக்காரர்களிடம் உபயம் என்றால் சும்மா கொடுப்பது இல்லை. கோயில் விழாவில் பந்தலோ பாயசமோ உபயம் செய்தவரை மைக்கில் பேர் சொல்லி அழைக்க வேண்டும், மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும், அவரும் சந்தனம் பூசிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். அழைக்காவிட்டால் விழா நடத்துகிறவர்களுக்கு மரியாதை இல்லை, வராவிட்டால் அவருக்கு மரியாதை இல்லை. இதெல்லாம் அனீஷுக்கு எங்கே தெரியும்? திரவியம் மறுநாளே அவனுக்குப் போன் பண்ணி, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்ட பிறகுதான் விஷயத்தை ஸ்ரீகுமாரிடம் சொன்னான்.

ஸ்ரீகுமார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். “எடா பாவி, ஊர்ல வேற கடையே கிடைக்கலியா உனக்கு?”

“உன் அச்சனை ஒண்ணு காணணும்னு தோணிச்சு” என்றான் அனீஷ். அந்த முகத்தைப் பார்த்த பிறகு திட்டவும் வரவில்லை.

ஸ்ரீகுமாரின் அம்மா சிவகாமியம்மாள் நாகர்கோவிலில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ஆவணியில் நிச்சயம் என்று பேச்சு. அதற்குத் தினம் ஒரு சாக்கு சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தான் ஸ்ரீகுமார். உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் அப்பா அடிப்பார், விரட்டுவார் என்பதல்ல. அவனுக்கு அப்பா என்றால் உயிர். அந்த மனிதர் தன்னைப் பார்த்து ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கப்புறம் எப்படி இருப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

நாடகத்தின் கடைசியில் ஒரு காட்சி உண்டு. மேடையில் ஒரு காலி நாற்காலி கிடக்கும். அதுதான் அப்பா. அதைப் பார்த்துப் பையன் ‘எனக்கு அவனை இஷ்டம்’ என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். “அந்தக் காட்சி மட்டும் வேண்டாம் நீது, காலில் விழறேன்” என்றான் ஸ்ரீகுமார். கடைசியில், ஆற்றுக் காட்சி முடிந்ததும் அவன் உள்ளே போய்விடட்டும், விளக்குப் பொறுப்பிலிருந்த ஸ்வப்னா விளக்கை அணைத்துவிடுவாள், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஏற்பாடு ஆயிற்று. ஆறுவரைக்கும் நடித்தால் அது இரண்டு பையன்கள் நீந்துகிற கதைதான், எந்த அப்பாவுக்கும் அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

நாடகம் நடக்கிற அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை. திரவியம் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நீது மைக்கில் பேர் சொல்லி அழைத்தாள். பொன்னாடை போர்த்தினாள். கை தட்டினார்கள். பெரிய மனிதர்கள் பொன்னாடையை வாங்கிக்கொண்டு அப்படியே நழுவுவதுதானே வழக்கம், இவரும் போய்விட மாட்டாரா, கடையில் ஆள் காத்திருக்க மாட்டார்களா என்று திரைக்குப் பின்னால் ஸ்ரீகுமார் வேண்டாத சாமியில்லை.

“துணி எப்பிடி ஓடுதுன்னு பாக்காண்டாமா?” என்று நீதுவிடம் சொல்லிவிட்டுத் திரவியம் முன்வரிசையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். சாமியும் என்னதான் செய்யும்!

விளக்கு அணைந்து நீல வெளிச்சம் வந்தது. துணி மெல்ல அசைந்து எழுந்து, மேடை முழுக்க ஆறாகிவிட்டது. வெளியே ஓட்டின்மேல் மழை விழும் சத்தம்கூட அந்த ஆற்றின் சத்தமாகவே கேட்டது. ஸ்ரீகுமார் உள்ளே இறங்கினான். முகத்தின்மேல் துணி வழுக்கிப் போனது, குளிர்ந்தது, சத்தியமாகக் குளிர்ந்தது. எங்கோ அடியிலிருந்து அனீஷின் கை வந்து அவன் கையைப் பிடித்தது. இரண்டு பேரும் புரண்டார்கள், முங்கினார்கள், மூச்சு வாங்கச் சிரித்தார்கள். காலம் என்ற ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கழக்கூட்டம் இல்லை, நாகர்கோவில் இல்லை. நீலம்தான் இருந்தது, பிடித்த கை இருந்தது.

தலை தூக்கியபோது அப்பாவைப் பார்த்தான். அவரும் இவனைப் பார்த்துவிட்டார். வாய் கொஞ்சம் திறந்தபடி, தன் மகன் இங்கே எப்படி வந்தான் என்று கேட்கக்கூடத் தோன்றாமல், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆட்டியவர்களின் கை தப்பி, பெரிய அலை ஒன்று மேடை விளிம்பைத் தாண்டி முன்வரிசைக்கு வழிந்தது. திரவியம் சட்டென்று வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தன் கடைத் துணி, தன் கையால் கிழித்துக் கொடுத்த துணி, அது நனைக்கும் என்று நம்பிவிட்டது அந்த மனுஷன்! முகத்தில் அப்படியொரு குழந்தைத்தனம். இவரிடமா இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தோம் என்று ஸ்ரீகுமாருக்குத் தோன்றிற்று.

துணி அடங்கியது. அனீஷ் கையை விட்டுவிட்டு ஓரமாகப் போனான். இப்போது ஸ்ரீகுமார் உள்ளே போக வேண்டும். ஓரத்தில் ஸ்வப்னா ஸ்விட்சில் விரலை வைத்தபடி கண்ணைக் காட்டினாள். அவன் போகவில்லை. காலி நாற்காலியின் பக்கமும் திரும்பவில்லை. மேடை நுனிவரைக்கும் வந்து நின்றான். மலையாள வசனம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

“அப்பா” என்றான். “அம்மைய நாகர்கோவிலுக்கு அனுப்பாதிங்க. எனக்குப் பொண்ணு வேண்டாம்ப்பா. எனக்கு அனீஷத்தான் புடிச்சிருக்கு. சின்னதுலேருந்தே நான் இப்பிடித்தான். உங்ககூட ஸ்கூட்டர்ல பின்னால இருந்து வரும்போதெல்லாம் சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். உங்க முதுகப் பாத்து முழுங்கிருவேன்.”

ஸ்வப்னா ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரவியம் எழுந்து நின்றார்.

“ஏம்லே” என்றார். குரல் உடைந்திருந்தது. “இத வீட்டுல வச்சுச் சொல்லப்பிடாதா? இத்தன பேரு முன்னால சொல்ல முடியுது, என்கிட்ட முடியலியா?”

“பயமாயிருந்துப்பா. நீங்க முகத்தத் திருப்பிருவீங்கன்னு பயமாயிருந்து.”

அவ்வளவுதான், ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைத்தட்டல். பொன்னாடையெல்லாம் போர்த்தி அப்பா வேஷக்காரரை ஆட்களுக்கு நடுவில் உட்கார வைத்தது பிரமாதமான யோசனை என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே பாராட்டினார். விசில் அடித்தார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். மகன் உதடு அசைவது தெரிந்தது, சொல்வது கேட்கவில்லை.

திரவியத்துக்கு வந்ததே கோபம். கூட்டத்தின் பக்கம் திரும்பினார், கடையில் கணக்குத் தகராறு வந்தால்கூடத் தூக்காத குரலைத் தூக்கினார்.

“கை தட்டாம, மிண்டாம ஒண்ணு சும்மா இரிங்க சாரே! பிள்ளை இன்னும் பேசி முடிக்கல்ல.”

ஹால் கப்சிப் என்று ஆயிற்று. அவர் மேடைப் பக்கம் திரும்பி, மகன் முகத்தை நேராகப் பார்த்தார்.

“நீ சொல்லு மக்களே” என்றார்.