வால் சொல்லு, மியென்

அப்பா போனது வியாழக்கிழமை. கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே டயர் மேல் சாய்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை மியெனுக்கு ஹனோயில் ஆங்கிலத் தேர்வு. அது தேறினால்தான் கல்லூரியில் பட்டத்தைக் கையில் கொடுப்பார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இதையும் விட்டால் இத்தனை வருஷம் படித்தது வீண்.

"அவகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது," என்றார் பெரியப்பா. எங்கள் பக்கம் அப்படித்தான், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி போகாது. ஆனால் அடக்கத்துக்கு ஜோசியர் குறித்துக் கொடுத்ததும் அதே ஞாயிற்றுக்கிழமை காலைதான். எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாடு மாதிரி தலையை ஆட்டினேன்.

இதில் ஒரு சிக்கல். தினமும் சாயங்காலம் மியெனுக்குப் போன் போட்டுக் கேள்வி கேட்பது அப்பாதான். ஆங்கிலத்தில் சில சொற்கள் ஜோடியாகத்தான் வருமாம். ஏன் என்று கேட்கக் கூடாதாம். அவள் வாத்தியார் ஒரு குறுக்குவழி சொல்லியிருந்தார்: வாக்கியத்தைப் படிக்காதே, அர்த்தம் தேடாதே, தலையைப் பார், வாலைப் போடு. அப்பா எங்கள் பாஷையைப் படிக்கிற மாதிரியே எழுத்துக் கூட்டி, "தே-பென்" என்பார். "அது டிபெண்ட், அப்பா. ஆன்," என்று அவள் சிரிப்பாள். தலை அப்பாவுடையது, வால் அவளுடையது.

வியாழன் சாயங்காலம் போனை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் செங்கல் சூளை வரைக்கும் நடந்தேன். சாவு மேளம் அங்கே கேட்காது. தலையில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. போனில் யார் பார்க்கப் போகிறார்கள்.

"அப்பா எங்க அக்கா?"

"தொண்டை கட்டிக்கிச்சு. டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாரு."

"அக்கம்பக்கம் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கும். சரி, கேளு."

"டிபெண்ட்."

"ஆன். இப்படி ஒழுங்காக் கேட்டா மனசுல ஏறாது அக்கா. அப்பா மாதிரி கேளு."

"தே-பென்," என்றேன்.

"ஆன்."

"கா-பா-பிலே."

"கேபபிள். ஆஃப்."

கேட்டேன், சொன்னாள். அர்த்தம் எனக்கு ஒன்றுக்கும் தெரியாது. தெரியாதது வசதியாக இருந்தது. அழுகை வரவில்லை. பசி மட்டும் நேரத்துக்கு எடுத்தது. என்ன ஜென்மமோ நான். வெள்ளியும் சனியும் அதே சூளை, அதே தலைகள், அதே வால்கள்.

ஞாயிறு காலை அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா மேல் மண் தள்ளினோம். மத்தியானம் போன் வந்தது.

"அப்பாகிட்ட குடு அக்கா. பேசத்தானே கூடாது, காது இருக்கில்ல. அவர் கேட்டது நிறைய வந்துச்சு, சொல்லணும்."

"வீட்டுக்கு வா, மியென்."

"ஏன்?"

"வா."

சாயங்காலம் வந்து இறங்கினாள். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே அப்பா படம், அதன் முன்னால் ஊதுபத்தி. "எல்லாம் உன் நல்லதுக்குத்தாம்மா," என்று பெரியப்பா ஆரம்பித்தார். அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நேத்து நாம பேசினப்ப அப்பா எங்க இருந்தாரு?"

"நடு வீட்டுல. பெட்டியில."

"நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"ஆமா."

"நான் எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

"ஒண்ணு கூடத் தப்பில்ல."

"அவருக்குக் கேட்டிருக்கும்ல? ஸ்பீக்கர்ல போட்டிருந்தியா?"

வாசலில் கழற்றிப் போட்ட என் செருப்பில் சூளைச் செம்மண் அப்பியிருந்தது. அவள் அதைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தாள்.

"போட்டிருந்தேன்," என்றேன்.

அவளுக்கென்று மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து அவள் தலையில் சுற்றினேன். அவள் குனிந்து கொடுத்தாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினேன்.