நாற்பத்தொன்றில் இருந்த செம்பு

எங்கள் பிரிவின் கதவில் 'வேதியியல் உதவி' என்று எழுதியிருக்கும். காசநோய்க் கிருமியைக் கொல்லப் புதுசு புதுசாகப் பொருள் செய்து கொடுப்பது நாங்கள். அதைத் திரையில் காட்டிக் கைதட்டல் வாங்குவது தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேடை.

நாற்பத்தொன்றாம் பொருள் கிருமியைக் கொன்றது. மேடை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, எலிகளுக்குக் கொடுக்க ஐந்து கிராம் கேட்டார். அது கைக்கு வந்தால்தான் என் வேலை இன்னும் ஒரு வருஷம் நீளும்.

மறுபடி செய்தேன். முதல் தடவை அவசரத்தில் விட்ட அழுக்கையெல்லாம் எடுத்தேன். முன்பு இளம்பச்சையாக வந்தது, இப்போது உப்பு மாதிரி வெள்ளையாக வந்தது. இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமி அறை அக்கா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"ஏண்டி, என்னத்தடி கொடுத்தே? தின்னு கொழுத்துப் போய் உக்காந்திருக்கு கிருமியெல்லாம்."

பழைய பச்சைப் பொடியைச் சோதித்தேன். செய்யும்போது வினை வேகமாக நடக்கப் போட்ட செம்பு அதில் தங்கியிருந்தது. அதே அளவு செம்பு உப்பை மட்டும் அக்காவிடம் கொடுத்தேன். கிருமி செத்தது.

மேடையிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்போ சுத்தம் பண்ணாம செஞ்சு கொடும்மா."

"சார், கொல்றது செம்பு. நம்ம பொருள் சும்மா கூட நிக்குது."

"நோயாளிங்க காத்திருக்காங்கம்மா. உனக்கு அந்த வலி தெரியாது."

கல் உடைத்த என் அப்பா இரண்டாம் வருஷமாக அந்த நோய்க்கு மாத்திரை விழுங்குகிறார். போட்ட ஊசியில் காது பாதி போய்விட்டது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இவர் எனக்கு வலி பற்றிப் பாடம் எடுக்கிறார்.

"செம்பு போதும்னா எங்கப்பாவைப் பழைய செப்புக் குடத்தை நக்கச் சொல்லியிருப்பேனே சார்."

அவர் முகம் கறுத்தது. "நோட்டுல என்ன எழுதியிருக்கே?"

"செம்புன்னு."

"அந்தப் பக்கத்தை எடுத்துடு. உன் நீட்டிப்புக் காகிதம் என் மேசையிலதான் இருக்கு."

ஆய்வு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த எண் உண்டு. ஒன்றைக் கிழித்தால் பல் போன வாய் மாதிரி இளிக்கும். இருபது வருஷத் தலைவருக்கு அது தெரியவில்லை. நோட்டைத் தொட்டிருந்தால்தானே!

"அக்கா நேத்தே சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டா சார். எலி அறைக்கும் நகல் போயாச்சு."

நீட்டிப்புக் காகிதத்தை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார். நான் கதவைத் திறக்கும்போது கேட்டார்:

"அப்போ நாற்பத்திரண்டை யார் செய்யறது?"

"அடுத்து வர்றவங்க செய்வாங்க சார். அவங்களையாவது சுத்தமா செய்ய விடுங்க."