துப்பாக்கிக்கு ஊற்றிய பால்

நானூற்றுப் பதினெட்டு வெள்ளி எழுபது சென். பீடோங் இரும்புக்கடை யோகேந்திரனின் 555 கடன் நோட்டில், இராசாத்தியின் பெயருக்கு நேரே அதுதான் எழுதியிருந்தது. ஏப்ரல் மாதக் காற்று அவள் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துச் செம்பனைக் காட்டில் போட்டபோது, கடனாக வாங்கிய தகரத்தின் விலை. அதன் பிறகு விடாமல் மழை. கித்தா என்கிற ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் காசு இல்லை. புதுத் தகரத்தின்மேல் மழை அடிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், யோகேந்திரனே கூரையேறித் தட்டுகிற மாதிரி அவளுக்குத் தோன்றும்.

வியாழக்கிழமை, இன்னும் ஒரு மாதம் தவணை கேட்கலாம் என்று கடைக்குப் போனாள். யோகேந்திரன் மடியில் ஒரு நீளத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார். குழலின் வாய் வழியாகவே மருந்தையும் ஈயக்குண்டையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற பழைய ரகம். லைசென்ஸ் உள்ளது.

"அடுத்த வாரம் குறி சுடுற போட்டி இருக்கும்மா. போன வருஷம் குண்டைப் போட்டு இடிச்சா பாதி வழியில சிக்கிக்கிச்சு. பத்து பேரு சுத்தி நின்னு சிரிச்சானுங்க. உள்ளெல்லாம் துரு. வழவழப்பாக்கித் தர பினாங்குல ஒருத்தன் எண்ணூறு வெள்ளி கேக்குறான்."

குழலின் பின்பக்க மூடியைக் கழற்றி வைத்திருந்தார். இராசாத்தி குழலை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"அண்ணே! உள்ள யாரோ பால் வெட்டியிருக்காங்க!"

"என்னது?"

"பாருங்கலா. கோடு கோடா சாஞ்சு சுத்தி இறங்குது. நம்ம மரத்துல வெட்டுக்கோடு போடுற மாதிரியே."

"அது குண்டைச் சுழல வைக்கிற பள்ளம்மா. அந்தப் பள்ளம் இருக்கணும், துரு மட்டும் போகணும். பள்ளத்தைத் தேச்சிட்டா துப்பாக்கி செத்துச்சு."

"பட்டைய சீவணும், மரத்துக்குக் காயம் படக்கூடாது. முப்பத்தொரு வருஷமா அதைத்தானே செய்யிறேன்? என்கிட்ட குடுங்க, நான் தேச்சுத் தர்றேன்."

யோகேந்திரன் யோசித்தார். எண்ணூறு ஒரு பக்கம், நானூற்றுச் சொச்சம் ஒரு பக்கம். வியாபாரிக்கு அதைப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

"குண்டு எங்கயும் நிக்காம மறுபக்கம் வந்துச்சுன்னா உன் கணக்கு ஹபிஸ், தீர்ந்துச்சு. குழல் கெட்டுச்சுன்னா ஆறாயிரம் வெள்ளி. சம்மதமா?"

ஆறாயிரம் என்ற சொல் காதில் விழுவதற்குள் அவள் வாய் "சம்மதம்" என்று சொல்லிவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைக்கு வார விடுமுறை. லைசென்ஸ் துப்பாக்கியைக் கண்ணை விட்டு அகற்றக்கூடாது என்பதால், கடைக்குப் பின்கட்டிலேயே வேலை. யோகேந்திரன் சட்டைப்பையில் லைசென்ஸை வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்தார். இராசாத்தியின் புருஷன் ராமையா, குழலை ஒரு மரச்சட்டத்தில் துணி சுற்றிக் கட்டினான்.

கம்பியில் துணியைச் சுற்றி, எண்ணெயும் தேய்ப்புப் பசையும் தடவி, இராசாத்தி உள்ளே விட்டு இழுத்தாள். விட்டாள், இழுத்தாள். துணி கறுத்துக்கொண்டே வந்தது. ஆனால் வாயிலிருந்து ஒன்றரைச் சாண் உள்ளே போனதும் கை தடுக்கியது. மேடு தேய்கிறது, பள்ளத்துக்குள் துணி இறங்கவில்லை. பள்ளத்தின் அச்சிலேயே ஒரு கட்டை இருந்தால்தான் உள்ளே உட்கார்ந்து தேய்க்கும்.

"பினாங்குக்காரன் ஈயத்தைக் காய்ச்சி ஊத்தி அச்சு எடுப்பானாம்" என்று சொல்லிவிட்டு யோகேந்திரன் கண்ணயர்ந்தார்.

ஈயத்துக்கு எங்கே போவது? இராசாத்தியின் கண், தங்கள் மோட்டார் சைக்கிளில் தொங்கிய வாளியின்மேல் விழுந்தது. அன்று காலை அதிசயமாக மழை விட்டதில் வெட்டிய பால். பக்கத்திலேயே பாலை உறைய வைக்கிற ஆசிட் போத்தல். மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கோப்பையில் உறைந்த பால், மங்கின் அச்சாகவே வரும். குழலில் உறைந்தால் குழலின் அச்சாக வராதா?

"அடியே, வேணாம்டி" என்றான் ராமையா.

"சும்மா பிடி."

குழலை நிமிர்த்தி, கீழே வாய்ப்பக்க முனையைத் துணியால் அடைத்தார்கள். கம்பியை நடுவில் நிறுத்தி, இரண்டு சாண் உயரத்துக்குப் பாலை ஊற்றி, நாலு சொட்டு ஆசிட் விட்டாள். முக்கால் மணி நேரத்தில் பால் கெட்டியாகிவிட்டது. கம்பியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ராமையா இழுத்தான். வரவில்லை. துருவின் ஒவ்வொரு பல்லையும் கித்தா கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆறாயிரம்" என்றான் ராமையா மெல்ல.

அது எப்படித்தான் தூங்குகிற மனுஷன் காதில் விழுந்ததோ, யோகேந்திரன் எழுந்து வந்து குழலுக்குள் எட்டிப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"என்னம்மா இது?"

"பால்ணே."

"பாலா? துப்பாக்கிக்கா?"

தேநீர்த் தட்டோடு வந்த அவர் மனைவி தேவகி, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வயசான துப்பாக்கிதானே, பால்தான் ஒத்துக்கும்!"

"நீ வேற!" யோகேந்திரன் ராமையாவின் இடுப்பைப் பிடித்தார். ராமையா கம்பியைப் பிடித்தான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். கை வழுக்கியது. ராமையா யோகேந்திரன்மேல் விழ, யோகேந்திரன் நாற்காலிமேல் விழ, நாற்காலியின் கால் ஒன்று கழன்று ஓடியது. தேவகி தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள்.

இராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஆறாயிரத்தைப் பதினெட்டு மாதம் கட்டுவதா, முப்பது மாதம் கட்டுவதா என்று நெஞ்சுக்குள் கணக்கு ஓடியது. கை தானாகக் கம்பியைத் தொட்டது. தினமும் விடியலில் மரத்தடியில் நின்று அவள் செய்கிற முதல் வேலை, வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரிப்பது. அதை நேராக இழுத்தால் அறுந்துபோகும். கோடு எப்படிச் சாய்ந்து இறங்குகிறதோ அப்படியே போக்குக்கு விட்டு இழுத்தால், நாடா மாதிரி முழுசாக வரும்.

"முட்டாள் நானு" என்று தன் தலையில் தட்டிக்கொண்டாள். "மரத்துல எப்படி எடுப்பேனோ அப்படித்தானே இதுலயும்!"

குழலுக்குள் எட்டிப் பார்த்துப் பள்ளம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டாள். கம்பியை அந்தப் பக்கமாகவே திருகி, திருகத் திருக மெதுவாக இழுத்தாள். உள்ளே எங்கோ "சர்ர்ர்" என்று ஒரு சத்தம்.

"வருது! வருதுலா!" ராமையா கத்தினான்.

முழுசாக வந்தது. இரண்டு சாண் நீளக் கித்தாக் கட்டை, முறுக்கின கயிறு மாதிரி வரி வரியாக. வெள்ளையாக ஊற்றியது, துருவையெல்லாம் உரித்துக்கொண்டு கரிக்கட்டையாக வந்தது. யோகேந்திரன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றரைச் சாண் தாண்டியும் பள்ளங்கள் கழுவிவிட்ட வெள்ளித்தட்டு மாதிரி மினுங்கின.

வேலை அதோடு முடியவில்லை. அந்தக் கட்டையைக் கழுவி, பசை தடவி, அதன் போக்குக்கே சுழலவிட்டு அறுபது தடவை உள்ளே வெளியே ஓட்டினாள். மற்ற இடங்களுக்கும் இதே பாடு. இந்தத் தடவை எண்ணெய் தடவிய பிறகே பால் ஊற்றினாள். நாலு மணிக்குக் கை மரத்துப்போனது. ஆனால் எந்த இடத்திலும் தடுக்கவில்லை.

யோகேந்திரன் ஈயக்குண்டை எண்ணெய்த் துணியில் பொதிந்து குழல் வாயில் வைத்தார். கம்பியால் தள்ளினார். ஒன்றரைச் சாண் வந்தது. அங்கேயும் குண்டு நிற்கவில்லை. ஒரே சீராகப் போய் மறுபக்கம் வெளியே வந்து, ஆறிப்போன தேநீரில் "குளுக்" என்று விழுந்தது.

"என் கோப்பைலா அது!" என்றான் ராமையா. அந்தத் தேநீரை இனி யார் குடிப்பது என்று நாலு பேரும் சிரித்தார்கள். யோகேந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போன வருஷம் சிரித்த பத்துப் பேர் முகமும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

555 நோட்டை எடுத்து வந்தார். நானூற்றுப் பதினெட்டை நீளமாகக் கோடு போட்டு அடித்தார். பேனாவை மூடினார்.

"எழுபது சென் அப்படியே இருக்கே அண்ணே?"

"இருக்கட்டும்மா. கணக்க முழுசா அடிச்சா வாடிக்கை போயிரும்னு எங்க கடையில ஒரு பழக்கம்."

"எனக்கும் ஒரு பழக்கம் இருக்கு. புதுக் கூரைக்குக் கீழ நிம்மதியா தூங்குறது." இராசாத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐம்பது சென் ஒன்றும் இருபது சென் ஒன்றும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "வாடிக்கை எங்கயும் போகாது. ஆணி வாங்க நாளைக்கே வருவேன், கைக்காசு குடுத்து. இப்ப அடிங்க."

தேவகி அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, தானே அடித்தாள்.