பத்தாவது தளம்

சுற்றறிக்கை வந்தது ஒரு திங்கட்கிழமை. ஒன்பதாம் வகுப்புக்குப் புவி அறிவியல் கற்பிக்க உதவும் பத்து இணையதளங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர், முகவரி, பயன் என்று மூன்று கட்டங்களை நிரப்பி, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். புவி அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போய்ப் பத்து நாளாகியிருந்தது. தலைமையாசிரியை தாளும் கையுமாக ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் விடைத்தாள்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். கணக்கு டீச்சருக்கு மட்டும் அந்த நேரம் பார்த்துப் பேனாவில் மை தீர்ந்தது. நிமிர்ந்துவிட்டாள்.

"நீங்கதானே போன வருஷம் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போனீங்க?"

"அது மார்க் ஏத்தறதுக்கான பயிற்சி மேடம். ஒன்றரை நாள்."

"நாங்கல்லாம் அதுகூடப் போகலையே" என்று சொல்லித் தலைமையாசிரியை தாளை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அத்துடன் அந்த வேலை அவளுடையதாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அரைமணி நேரத்தில் எதையாவது நிரப்பிக் கடாசியிருப்பார்கள். கணக்கு டீச்சரோ இருபத்திரண்டு வருடமாக, வந்த விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்காமல் ஒரு கணக்கையும் முடித்ததில்லை. ஆசிரியர் அறையில் இருந்த ஒரே கணினியின் உறையை உருவி மடித்து வைத்துவிட்டு, பூமியைத் தேட உட்கார்ந்தாள்.

பூமி லேசில் கிடைக்கவில்லை. முதலில் வந்த தளம் பாறைகளைப் பற்றி அழகாகத் தொடங்கி, மூன்றாம் பக்கத்தில் எந்த ராசிக்கு எந்தக் கல் மோதிரம் என்று முடிந்தது. அடுத்ததில் ஒரு ஆள் எரிமலைக்கு முன்னால் நின்றுகொண்டு, எரிமலையைவிடச் சத்தமாகக் கத்தினான். இன்னொன்றில் கடல்மட்டம், தொடுவானம், கோணம் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அவளுக்கு மிகவும் பிடித்துப்போய், ஒரு முழு இடைவேளையையும் அதிலேயே செலவிட்டாள். கடைசிப் பத்தியில்தான் தெரிந்தது, அவர்கள் பூமி தட்டை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் நல்லதும் இருந்தது. நிலநடுக்கம் நடக்க நடக்க வரைபடத்தில் புள்ளி வைக்கும் தளம் ஒன்று. மணல் எப்படிப் பாறையாகிறது என்று பொறுமையாக வரைந்து காட்டும் தளம் ஒன்று. இப்படி வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தே சேர்த்திருந்தாள்.

மூன்று ஐம்பதுக்கு ஒன்பதை அனுப்பப் பார்த்தாள். பத்தாவது வரிசைக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் கண்ணைச் சிமிட்டியது. கட்டாயம் நிரப்புக. ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள், ஏற்கவில்லை. 'இல்லை' என்று போட்டாள், அதையும் ஏற்கவில்லை. வாசலில் காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கு டீச்சர் விடையை இட்டுக்கட்டினாள். பெயர்: பாறைப் பள்ளி. அந்தப் பெயரையே வைத்து வாய்க்கு வந்த முகவரி ஒன்று. பயன்: 'எளிய மொழி, தெளிவான படங்கள். மாணவர்கள் தாங்களாகவே பாறைகளை இனங்காண உதவும்.' நட்சத்திரம் மறைந்தது. பட்டியல் போய்ச் சேர்ந்தது.

"யாருங்க போய்த் திறந்து பார்க்கப் போறாங்க?" என்றாள் அன்றிரவு கணவனிடம். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் முழுக்க வில்லைகளைத் தேய்த்துத் தேய்த்து, பேச்சிலும் அவசரமில்லாமல் போயிருந்தவர்.

"பார்க்கத்தானே கேட்டிருப்பாங்க?" என்றார்.

இரண்டு மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். அவளுடைய பட்டியல் முன்மாதிரிப் பட்டியலாகத் தேர்வாகி எல்லாப் பள்ளிகளுக்கும் போயிருந்தது என்பதே அவளுக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. நூற்றுப் பதினாறு பள்ளிகள் கருத்துப் படிவம் அனுப்பியிருந்தன. கல்வி அலுவலர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு மதிப்பெண்களை வாசித்தார். நிலநடுக்க வரைபடத்துக்கு ஐந்துக்கு மூன்று. மணல் தளத்துக்கு மூன்றரை. பாறைப் பள்ளிக்கு நாலே முக்கால்.

"குறிப்பா அந்தப் பத்தாவது தளம்! எங்கிருந்துதான் பிடிச்சீங்களோ. இத்தனை எளிமையா நான் பார்த்ததில்லை."

கணக்கு டீச்சர் அவசரமாக எழுந்து நின்றாள். "சார், அது வந்து, அந்தப் பத்தாவது..."

"தன்னடக்கமெல்லாம் வேண்டாம், உட்காருங்க" என்றார் அவர். கைத்தட்டல். பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை அவள் கையைப் பிடித்து அழுத்தி, "நானே ரெண்டு தடவை பார்த்தேன். எரிமலை வெடிக்குமே, அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சது" என்றார்.

இல்லாத எரிமலையை இரண்டு தடவை பார்த்த மேலதிகாரியிடம் என்ன சொல்வது? கணக்கு டீச்சர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு. பேருந்து கடைசியாக நின்று திரும்பும் ஊரில், ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள் படிக்கும் சிறிய பள்ளியின் அறிவியல் டீச்சர். குரலில் அத்தனை தயக்கம்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க டீச்சர். அந்தப் பாறைப் பள்ளி எனக்கு மட்டும் திறக்கவே மாட்டேங்குது."

கணக்கு டீச்சர் கைப்பேசியோடு ஆசிரியர் அறையை விட்டு வெளியே வந்தாள்.

"வேற கம்ப்யூட்டர்ல பார்த்தேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், லைன் சரியில்லைன்னாரு. லைனையும் மாத்தியாச்சு. திறக்கலைன்னு படிவத்துல எழுதினேன். ஆபீஸ்ல கூப்பிட்டு, 'எல்லாருக்கும் திறக்குது, உங்களுக்கு மட்டும் என்ன?'ன்னு விளக்கம் கேட்டுட்டாங்க. நான்தான் எங்கேயோ தப்பு பண்றேன் போலிருக்கு."

உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. சொல்லியும் இருப்பாள், அந்தப் பெண் அடுத்த வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

"ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க தினம் கேட்குதுங்க டீச்சர். ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கிட்டு வந்து ஜன்னல்ல வரிசையா வச்சிருக்குதுங்க. தளம் திறந்ததும் இது என்ன கல்லுன்னு பார்த்துடலாம்னு."

"அதுல இப்போ வேலை நடந்துட்டிருக்கு" என்றது கணக்கு டீச்சரின் வாய். "மூணு வாரத்துல திறந்துடும்."

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் தேநீரை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டு, "மூணு வாரத்துல மூணு ஞாயித்துக்கிழமைதான் வரும். கல்லு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கல் எங்கேதான் இல்லை? சமையல் மேடை கருங்கல். குளியலறையில் குதிகால் தேய்க்கிற துளைக்கல் எரிமலையிலிருந்து வந்தது. இத்தனை வருடம் அந்த எரிமலையைக் காலடியில் போட்டுத்தான் தேய்த்திருக்கிறாள். சாலை போடுகிற இடத்தில் ஜல்லிக்குவியல், கடைக்காரர் கழித்துப் போட்ட பளிங்குத் துண்டு, கூரை வேய்ந்தது போக மிஞ்சிய பலகைக்கல், பள்ளியிலிருந்து ஒரு சாக்பீஸ். விடுப்பில் இருந்த புவி அறிவியல் டீச்சர், பிள்ளையை மடியில் போட்டுத் தட்டியபடியே தன் பழைய பாடநூல்கள் நான்கை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கல்லின் பெயரையும் அவற்றில் பார்த்து, சந்தேகமானால் அவளிடமே கேட்டு எழுதினாள் கணக்கு டீச்சர்.

படங்கள் கணவனின் பொறுப்பு. கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, வில்லையில் கீறல் பார்க்கிற விளக்கின் கீழ் கல்லை வைத்து, உருப்பெருக்கிக்கு மேல் கைப்பேசியைப் பிடித்து எடுத்தார். கருங்கல்லுக்குள் இருந்த ரோஜாநிறத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு, "இதுமேலயா இத்தனை வருஷமா வெங்காயம் நறுக்கினே?" என்றார். அவள் சிரித்தாள். பொய்யை மூடத் தொடங்கிய வேலையில் தனக்கு இத்தனை சந்தோஷம் இருப்பது அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிறு மாலை, இருபத்திநான்கு கற்களோடு, அன்று வாய்க்கு வந்து, இப்போது பணம் கட்டி வாங்கிய அதே முகவரியில் பாறைப் பள்ளி திறந்தது. ஒரு சொல்லும் பிள்ளைகளுக்குப் புரியாததாக இருக்கக் கூடாது என்று ஏழு தடவை திருத்தியிருந்தாள்.

பத்தே நாளில் அடுத்த காலாண்டின் கருத்துப் படிவங்கள் வந்தன. பாறைப் பள்ளிக்கு ஐந்துக்கு இரண்டே கால்.

'முன்பிருந்த எளிமை இப்போது இல்லை' என்று எழுதியிருந்தது ஒரு பள்ளி. 'எரிமலைக் காட்சியை நீக்கியது பெரும் ஏமாற்றம்' என்றது மற்றொன்று. 'பழைய வண்ணங்களே கண்ணுக்கு இதமாக இருந்தன' என்று ஒருவர் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

கல்வி அலுவலர் தானே தொலைபேசியில் கூப்பிட்டார். "நல்லா ஓடிட்டிருந்ததை யாரு கை வைக்கச் சொன்னது?"

"சார், நீங்க இப்போ இருக்கற பக்கத்தைத் திறந்து பார்த்தீங்களா?"

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. "பார்க்காமலா பேசறேன்? பழையதோட ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்றேன். பழையபடி ஆக்க முடியுமா, முடியாதா? தரம் ஏன் குறைஞ்சதுன்னு எழுத்துல விளக்கம் வேணும்."

அன்று மாலை அவள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்துக் கணவர் கேட்டார்: "பழையபடி ஆக்கறது கஷ்டமா?"

"கஷ்டமே இல்லீங்க. மொத்தத்தையும் அழிச்சா போதும். அப்படியே பழையபடி ஆயிடும்."

அவர் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடைசியில் விளக்கக் கடிதத்தில், 'பழைய தளத்தின் உள்ளடக்கம் எவரிடமும் இல்லாததால் மீட்க இயலவில்லை' என்று ஒரே வரி எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அலுவலகமும் அதை ஏற்றுக்கொண்டு கோப்பில் போட்டுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் கடைசிப் பேருந்து நிறுத்தத்து டீச்சர் கூப்பிட்டாள். இப்போது குரலில் தயக்கமே இல்லை.

"திறந்துடுச்சு டீச்சர்! ஜன்னல்ல இருந்த கல்லுல பதினோரு கல்லுக்குப் பேரு கண்டுபிடிச்சாச்சு. ஆனா ஒரு தப்பு இருக்கு, சொல்லலாமா?"

"சொல்லுங்க, சொல்லுங்க."

"வினிகர் விட்டா பளிங்குல நுரை வரும்னு போட்டிருக்கீங்க. வந்துச்சு. சாக்பீஸும் சுண்ணாம்புக்கல்தான், அதுலயும் வரும்னு போட்டிருக்கீங்க. வரலையே. பிள்ளைங்க மூணு சாக்பீஸை ஊறப்போட்டே பார்த்துடுச்சுங்க. இப்பல்லாம் சாக்பீஸை ஜிப்சத்துல செய்யறாங்களாம் டீச்சர், அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கு."

இருபத்திரண்டு வருடமாகத் தினமும் விரலில் பிடித்த பொருள். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் படித்ததில்லை. தளத்தைப் பற்றி வந்த நூற்றுச் சொச்சம் கருத்துகளில் இது ஒன்றுதான் யாரோ பார்த்துவிட்டுச் சொன்னது என்று நினைத்தபோது, அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நன்றி சொன்னாள். அத்தோடு, பத்தாவது தளம் முதலில் எப்படிப் பிறந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்போ எங்க லைன்ல கோளாறு இல்லையா?" என்று கேட்டாள் அந்த டீச்சர்.

"இல்லம்மா. கோளாறு என்கிட்டதான்."

"அப்பாடா" என்றாள் அவள். கோபித்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை. "சரி, மிச்சம் ஒன்பது கல்லோட போட்டோ அனுப்பறேன். பார்த்துச் சொல்றீங்களா?"

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் கணக்கு டீச்சர் ஆசிரியர் அறையில் வினிகர் புட்டியைத் திறந்தாள். ஒரு மூடியில் சாக்பீஸை வைத்து மேலே நாலு சொட்டு விட்டாள். நுரை எழவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள், ஜிப்சம் என்றுதான் இருந்தது. கணினிமுன் உட்கார்ந்து பதினேழாவது கல்லின் பக்கத்தைத் திறந்து, தவறான வரியை அழித்தாள்.

தலைமையாசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன வாடை இது? என்ன பண்றீங்க?"

"பாறைப் பள்ளியில ஒரு திருத்தம் மேடம்."

"பழையபடி ஆக்கறீங்களா? ரொம்ப நல்லது" என்றார் தலைமையாசிரியை. "அந்த எரிமலையை மறந்துடாதீங்க."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கணக்கு டீச்சர் அலமாரியின் அடித்தட்டில் கிடந்த வேறொரு பழைய சாக்பீஸ் பெட்டியை இழுத்துப் பிரித்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து மூடியில் வைத்து, வினிகர் புட்டியை மறுபடி எடுத்தாள்.