சேமக்காலைக் கல்

நனைந்த பஞ்சால் றெஜினா அந்தக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு நகரத்து லா சப்பல் பகுதியில், தண்டவாளத்தை ஒட்டியிருந்த களஞ்சியத்தில், கண்காட்சிக்கென்று வந்திறங்கிய பழம்பொருட்களோடு அது கிடந்தது. யோர்தானுக்கு அப்பால், ஆபிரகாம் காலத்துப் புதைமேடு ஒன்றிலிருந்து எடுத்த கல் என்று வாமதேவன் காலையில் சொல்லியிருந்தான். கல் கிடந்த மண்டபத்தைத் துப்புரவாக்குவது அவன் பொறுப்பு. தன் பக்கத்துத் துப்புரவு வேலை முடிந்துவிட்டதே என்று, அவன் இல்லாத நேரம் அவனுக்குச் சொல்லாமலே உதவ வந்தவள்தான் இவள்.

கரியும் மண்ணுமாய் அது என்ன கோலம்! அன்று மரித்தோர் திருநாள் வேறு. மன்னாரில் என்றால் சேமக்காலையில் கல்லறைகளை முழுக்கக் கழுவி, வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்தியிருப்பார்கள். அம்மாவின் கல்லறையை இந்த வருசமும் யார் கழுவியிருக்கப் போகிறார்கள்? அவளுக்கு மனம் கேட்கவில்லை. வேதாகம மண்ணில் செத்தவருக்காவது செய்வோமென்று, கல் வெளுக்கும்வரை தேய்த்துவிட்டு, மாதாவை நோக்கி ஒரு பிரியதத்த மந்திரமும் சொன்னாள்.

மறுநாள் களஞ்சியமே அல்லோலகல்லோலப்பட்டது. அந்தக் கரிதான் முக்கியமாம். புதைத்தவர்கள் ஏற்றிய விளக்கின் கரியாம். அதைச் சோதிக்கத்தான் கல்லையே கொண்டுவந்தார்களாம். களஞ்சியத்தை நடத்தும் முதலாளி, பத்ரோன், கத்து கத்தென்று கத்தினார். 'நான்தான்' என்று சொல்ல றெஜினா வாயைத் திறந்தாள். வாடகையும் இரண்டு பிள்ளைகளும் கண்ணுக்குள் வந்து நிற்க, வாயை மூடிக்கொண்டாள். அந்த மண்டபம் யாருடையது என்று பத்ரோன் கேட்டார். வாமதேவன் கையை உயர்த்தினான். அவ்வளவுதான், அவனுக்கு வேலை போயிற்று.

பின்னேரம் தேநீர்க்கடை வாசலில் அவளுக்காகக் காத்து நின்றான்.

"அக்கா, நான் அந்தக் கல்லைத் தொடவேயில்லை. வேலை இருந்தாத்தானே எனக்கு இந்த நாட்டிலை இருக்கக் கார்ட் தருவாங்கள்? நீங்கள் ஒருக்காப் பத்ரோனிட்டைச் சொல்லுங்கோவன்."

"என்னத்தைத் தம்பி சொல்ல?"

"வாமதேவன் பொய் சொல்ல மாட்டானெண்டு. நீங்கள் சொன்னா அவர் கேப்பார்."

"ஓம்... சொல்லுறன்."

பாவி, பாவி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளுடைய தேநீருக்கும் அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான்.

காலையில் அவள் வாயைத் திறக்குமுன்னே பத்ரோன் ஒரு மட்டையையும் தடித்த பேனையையும் நீட்டினார். வேலையாட்களுக்கு விளங்கும்படி ஓர் எச்சரிக்கையைத் தமிழில் எழுத வேண்டுமாம். வாமதேவனின் மண்டபத்தையும் இனி அவளே பார்க்க வேண்டுமாம். எல்லோரும் அவளைப்போல் நம்பிக்கையாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று தோளில் தட்டினார்.

றெஜினா 'தொடக்கூடாது' என்று எழுதி, அந்த வெளுத்த கல்லுக்கு மேலே ஒட்டினாள். கீழே வாமதேவனின் வாளி அப்படியே இருந்தது. அதற்குள் அவளுடைய பஞ்சு கரி பிடித்துக் கிடந்தது.