டிரா கேட்டால் மறுக்காதவர்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொன்னால் வாய் அழுகிவிடும். தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் ஓசியில் கிடைத்தது.

கைபேசியில் செஸ் ஆடிக்கொண்டிருந்தேன். எதிராளி யாரென்று தெரியாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாத்துப் படம். என் ராணி போய்விட்டது. ஒரு யானையும் போய்விட்டது. மிச்சமிருந்த சிப்பாய்கள், பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் போல ஆங்காங்கே நின்றுகொண்டிருந்தன. இன்னும் இரண்டு மூன்று நகர்த்தல்களில் என் ராஜா காலி. அந்த லட்சணத்தில், வெட்கம் மானம் எதுவும் பார்க்காமல், டிரா வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கும் பொத்தானை அழுத்தினேன். ஜெயிக்கப்போகிற மனிதர் யாராவது இதற்குச் சம்மதிப்பாரா?

சம்மதித்துவிட்டார்.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அவருடைய பழைய ஆட்டங்களைக் கிளறினேன். (அந்தத் தளத்தில் யார் ஆட்டத்தையும் யாரும் பார்க்கலாம். வம்பு பேசுகிற சுகம், பாவம் மட்டும் கிடையாது.) மனிதர் நன்றாகத்தான் ஆடுகிறார். நாளுக்கு நாள் தேறிக்கொண்டும் இருக்கிறார். ஆனால் யார் டிரா கேட்டாலும் கொடுத்துவிடுகிறார். ஒருவரைக்கூட மறுத்ததில்லை.

ஏன் இப்படி என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது.

2

தொடக்கங்கள்:

மழை விட்டிருந்தது. அவர் ஜன்னலோரம் அமர்ந்து, கறுப்புக் குதிரையை நகர்த்தியபடி —

[வேண்டாம். செஸ் ஆடுகிறவர்களைப் பிடித்து ஜன்னலோரம் உட்காரவைப்பதை இந்த எழுத்தாளர்கள் எப்போதுதான் விடுவார்களோ.]

வாழ்க்கையும் ஒரு சதுரங்கம்தான் என்று அவருக்கு அன்றுதான் —

[இதை அடித்த விரலை நானே கிள்ளிக்கொண்டேன்.]

அவர் கழிப்பறையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்.

[இது உண்மைக்கு அருகில் வருகிறது. குடும்பஸ்தன் நிம்மதியாகப் பத்து நிமிட ஆட்டம் ஆட வேறு இடம் ஏது? வைத்துக்கொள்வோம்.]

3

அவருக்கு வயது நாற்பத்தாறு. (முதலில் நாற்பத்தொன்பது என்று போட்டிருந்தேன். அது என் வயது என்பதால் கொஞ்சம் இரக்கம் காட்டினேன்.)

வேலை என்ன? மறுக்கத் தெரியாதவர் என்பதால் முதல் வரைவில் அவரை மகானாக்கினேன். இரண்டு பக்கத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்து கோழையாக்கிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை; எந்தக் கோழை மூன்று மணி நேரம் அடுத்தவர் திட்டை நேருக்கு நேர் உட்கார்ந்து வாங்குவான்? அந்தக் கேள்வியிலிருந்துதான் அவருடைய வேலை எனக்குப் பிடிபட்டது.

குளிர்சாதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் விற்கிற ஒரு பெரிய கடை. மாடியில், அட்டைப்பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் புகார்ப் பிரிவு. ஒரு மேசை, வாடிக்கையாளருக்கு இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. விசிறியை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்திருப்பார். கொதித்துப்போய் வருகிறவருக்குத்தான் முதலில் காற்று. வந்தவர் கத்தி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டார். பிறகு, “புரியுதுங்க” என்பார். அவர் சொல்கிற ‘புரியுதுங்க’வில் உண்மையாகவே புரிந்துகொண்ட ஒரு மனிதர் இருப்பார். வந்தவருக்கும் முழு நஷ்டம் கிடையாது, கடைக்கும் முழு நஷ்டம் கிடையாது என்று நடுவில் ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்து, தண்ணீர் கொடுத்து அனுப்பிவைப்பார். கடையில் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பட்டப்பெயர்.

காலையிலிருந்து மாலைவரை சமாதானம் செய்கிற மனிதரிடம், ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒருவன் வந்து “சமாதானமாகப் போயிடலாமா?” என்று கேட்டால் அவர் என்ன செய்வார், சொல்லுங்கள்.

4

இப்போது வீட்டுக்குள் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் வாருங்கள். ஏனென்றால் அவருடைய மனைவி துணி அலமாரிக்குள் இருக்கிறாள்.

ஆமாம், அலமாரிக்குள்ளேதான். தொங்குகிற சட்டைகளுக்கும் சேலைகளுக்கும் நடுவே ஒரு முக்காலி, அதன்மேல் அவள், மடியில் பாடப்புத்தகம், மூக்குக்கு நேரே ஒலிவாங்கி. பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து விற்கிற ஒரு நிறுவனம் அவளிடம் மாதிரி கேட்டிருக்கிறது. பிடித்துப்போனால் ஒரு வகுப்பின் எல்லாப் புத்தகங்களையும் அவளே வாசிக்கலாம். வரவேற்பு மேசையில் இருந்த வேலை போய், வீட்டில் சும்மா உட்கார்ந்து, ‘என் குரலாவது எதுக்காவது ஆகாதா’ என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு வந்த வாய்ப்பு. துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதால் அலமாரி.

அவளுக்கென்று ஓர் அறை இருந்தது. சின்ன அறை. என்றைக்காவது குரல் வேலை வரும் என்று நம்பி, இருவருமாகச் சேர்ந்து ஒரு சுவரில் பாதிவரை சத்தம் உறிஞ்சும் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தார்கள். வேலை அப்படிப் பாதியில் நிற்கும்போதுதான் அவளுடைய தம்பி அந்த அறையில் வந்து இறங்கினான். “ரெண்டு வாரம்தான் மாமா, ரூம் கிடைச்சதும் போயிடுறேன்” என்றான். எட்டு மாதம் ஆகிறது. பஞ்சுப் பலகையின்மேல் ஆணியடித்துக் காற்சட்டை மாட்டியிருக்கிறான்.

[மச்சினனைப் பற்றி ஒரு குறிப்பு. முதல் வரைவில் அவனை வில்லனாக்கி, கட்டில்மேல் ஈரத்துண்டு போடவைத்தேன். அப்படிப்பட்டவனைக் கிளப்புவது சுலபம், கதையே வேண்டாம். எனவே திருத்தினேன்: குழாய் ஒழுகினால் கேட்காமலே சரி செய்வான். கடைக்குப் போய்வருவான். அவன் இருந்தால் வீடு கலகலவென்று இருக்கும். அதுதான் சிக்கலே.]

அவள் முதலில் அனுப்பிய மாதிரியைக் கேட்டுவிட்டு நிறுவனத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

“குரல் ரொம்ப நல்லா இருக்கு மேடம். ஆனா செடிகள் எப்படிச் சுவாசிக்குதுன்னு நீங்க சொல்லும்போது, பின்னால யாரோ ‘குதிரையைத் தூக்கு, குதிரையைத் தூக்கு’ன்னு கத்துறாங்களே, அது எந்தப் பாடம்?”

சனிக்கிழமைக்குள் சத்தமில்லாத மாதிரி வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

“நீயே உன் தம்பிகிட்ட சொல்லிடேன்” என்றார் அவர்.

“நான் சொன்னா அக்கா விரட்டிட்டான்னு ஆகும். அம்மா போன்ல அழுவாங்க. நீங்க சொன்னா ஒண்ணும் ஆகாது. உங்க மேல யாருக்குங்க கோபம் வரும்?”

“சொல்றேன்.”

“எப்ப?”

“சொல்றேன்மா.”

அவள் அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

அவருக்குச் செஸ் கற்றுக்கொடுத்ததே மச்சினன்தான். ஆரம்பத்தில் குதிரை எப்படித் தாவும் என்றுகூடத் தெரியாமல் அதைச் சும்மா வெட்டுக்குக் கொடுத்துவிட்டு, “அடடா” என்பார். மச்சினன் சலிக்கவே மாட்டான்.

“ஒரு நிமிஷ ஆட்டமெல்லாம் ஆடாதீங்க மாமா, அது சூதாட்டம். பத்து நிமிஷ ஆட்டம் ஆடுங்க. கையை வைக்கிறதுக்கு முன்னாடி, இவன் இப்ப எதை வெட்டுவான்னு ஒரு தடவை பாருங்க. தினமும் நாலு புதிர் போடுங்க. முக்கியமா, முடிஞ்ச ஆட்டத்தைத் திருப்பிப் பாருங்க. யாருமே செய்ய மாட்டாங்க, அதான் யாருமே தேற மாட்டாங்க.”

(நான் செய்வதில்லை. நான் தேறவுமில்லை. அவன் சொல்வது சரிதான்.)

அவர் எல்லாவற்றையும் செய்தார். வெட்டுக் கொடுப்பது நின்றது. ஆட்டத்துக்கு ஆட்டம் கை ஓங்கியது. ஆனால் தளம் போடுகிற ரேட்டிங் புள்ளி மட்டும் எழுநூற்றுச் சொச்சத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் அவரைச் சின்ன அறையில் உட்காரவைத்து ஆட்டங்களைத் திருப்பிப் பார்த்தான்.

“இதுல உங்களுக்கு ஒரு யானை அதிகம். அப்புறம் என்ன ஆச்சு?”

“அவரு கேட்டாரு.”

“என்ன கேட்டாரு?”

“டிரா.”

“சரி, இதுல ராணியே அதிகம்!”

“அவரும் கேட்டாரு மாப்ள.”

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். “மாமா, டிரா யாரு கேப்பான்? தோக்கப்போறவன்தான் கேப்பான். அவனுக்கு வேற போக்கிடம் இல்ல. கேட்டுப் பாப்போம், கிடைச்சா லாபம்னு கேக்கறான்.”

“பாவமா இருக்கே.”

“என்ன பாவம்? நீங்க கஷ்டப்பட்டுச் சேத்த இடம் அது. கேக்கறது அவன் இஷ்டம், மறுக்கறது உங்க இஷ்டம். நீங்க சரி சரின்னா அவன் கேட்டுக்கிட்டேதான் இருப்பான். ‘இல்ல’ன்னு சொல்லிப் பழகுங்க மாமா. கூச்சமே படக் கூடாது.”

பக்கத்து அறையில், அலமாரிக்குள், ஹேங்கர்கள் கலகலவென்று ஆடின. முதல் வரைவில் அவளை அங்கே அழவைத்திருந்தேன். இல்லை, சிரித்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பதிவும் வீணாய்ப்போனது.

6

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அவர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு டிராவை மறுத்தார். எதிராளி மறுபடி கேட்டான். மறுபடி மறுத்தார். நெற்றி வியர்த்து, வாடிக்கையாளர் பக்கம் இருந்த விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒரு சிப்பாயைக் கோடிவரை நடத்திக் கூட்டிப்போய் ராணியாக்கி ஜெயித்தார். ஜெயித்த கையோடு, ‘தப்பா நினைச்சுக்காதீங்க’ என்று தட்டி அனுப்பினார். எதிராளி எந்த நாட்டுக்காரனோ, தமிழை எங்கே கண்டான்.

7

முடிவுகள்:

முடிவு ஒன்று. ஆட்டத்தில் மறுக்கக் கற்றுக்கொண்டவர், அதே தைரியத்தோடு வீட்டுக்குப் போய் மச்சினனிடம் —

[பொய். அன்று சாயங்காலமே மச்சினன் அவருடைய நல்ல சட்டையைக் கேட்டான், கொடுத்தார். அடுத்த மூன்று நாளும் ஜெயித்துக்கொண்டே இருந்தார். வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை. முகம் தெரியாதவனிடம் சொல்வது வேறு, சட்டையை இஸ்திரி போட்டுத் திருப்பித் தருகிறவனிடம் சொல்வது வேறு.]

முடிவு இரண்டு. மச்சினன் தானாகவே புரிந்துகொண்டு, ஒரு காலை பெட்டியோடு வந்து, “அக்கா, எனக்கு ரூம் கிடைச்சிடுச்சு” என்று —

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. முழுசாக எழுதிக் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், அலமாரிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவள் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அவனாப் போயிட்டா, இவரு எப்பங்க வாயைத் திறக்கறது?”

“அறை கிடைக்குதேம்மா, அது போதாதா?”

“அறை கிடைக்கும். எனக்காக இவரு ஒரு தடவைகூடப் பேசலைங்கறது அப்படியே இருக்கும். நீங்களும் அவரும் ஒரே ரகம். ரெண்டு பேருக்கும் யாரும் கோவிச்சுக்கக் கூடாது.”

இரண்டாவது முடிவை அழித்தேன். நல்ல முடிவு அது. இன்னும் வலிக்கிறது.

8

வியாழக்கிழமை சாயங்காலம். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். மாதிரி அனுப்ப வேண்டிய சனிக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. மச்சினன் உற்சாகமாக இருக்கிறான்.

“மாமா, என்கூட வேலை பாக்கறவன் ரூம்ல ஒரு இடம் காலியாம், உடனே வான்னு கூப்பிடறான். எனக்குத்தான் மனசே வரல. இங்க இருக்கற மாதிரி வருமா? இன்னும் ஒரு ஆறு மாசம் இருந்துக்கட்டுமா?”

அவள் நிமிரவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய விரலைப் பார்த்தார். தொண்டை கட்டிப்போயிருந்தும், அலமாரிக்குள் புழுங்கிப் புழுங்கி ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறவளின் விரல். அவருக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் பொங்கியது. தன்மேல் கொஞ்சம் கோபமும் வந்தது.

“இல்ல மாப்ள” என்றார். “அந்த ரூம் உங்க அக்காவுக்கு வேணும். நாளைக்கே வேணும்.”



இனிமேல்தான் ஆபத்து. புகார்ப் பிரிவில் ‘இல்லைங்க’ என்று ஒன்று வந்தால், மூச்சு விடுவதற்குள் பின்னாலேயே ‘ஆனா’ என்று ஒன்று வரும். ‘ஆனா வேற மாடல் தர்றோம்.’ ‘ஆனா வீட்டுக்கே ஆள் அனுப்பறோம்.’ மச்சினன் அதற்காகக் காத்திருக்கிறான். அவள் பயந்துகொண்டிருக்கிறாள். அவருடைய உதடு பிரிகிறது. அவர் அதைக் கடித்து மூடிக்கொள்கிறார்.

எனக்கும் கை அரிக்கிறது. மச்சினனும் நல்ல பையன். நான்தானே அவனை நல்லவனாக்கினேன்? ஒரே ஒரு வரி போதும், எல்லாரையும் சிரிக்கவைத்து அனுப்பிவிடலாம். ‘ஆனா ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்துடணும்’ —

[அடித்துவிட்டேன். நீங்கள் பார்க்கவில்லை.]

நான் உட்கார்ந்திருந்தால் மறுபடி எழுதிவிடுவேன், அதனால் எழுந்துகொள்கிறேன். அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். மச்சினன் முறைக்கட்டும், அம்மாவுக்குப் போன் போடட்டும், இல்லை, தான் கற்றுக்கொடுத்தது தன்மேலேயே பாய்ந்ததை நினைத்து விழுந்து விழுந்து சிரிக்கட்டும், உங்கள் விருப்பம். அவர் சொன்னதை மட்டும் அவர் வாயாலேயே திரும்ப வாங்கவைத்துவிடாதீர்கள். அவருடைய மனைவி இப்போதுதான் தலையை நிமிர்த்தியிருக்கிறாள். கல்யாணம் ஆன புதிதில் பார்த்தது மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மச்சினன் தண்ணீரைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

“மாமா, நீங்க —